பதில், காரணம், உதாரணம்

காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று என்னை யாரும் கேட்டதில்லை. 46 வருஷமாக எழுப்பியிருக்கிறார்கள், கேட்டதில்லை.

நம் ஊரில் அன்றாட வாழ்க்கையைப் பற்றி மொத்தமே இரண்டு கேள்விதான். முதலாவது, "சாப்டாச்சா?" பதில், "ஆச்சு." சாப்பிடாவிட்டாலும் ஆச்சுதான். இரண்டாவது, "அப்புறம்?" பதில், "ஏதோ ஓடுது." வெளியே கிளம்புகிறவனை "எங்கே?" என்று கேட்டால் சகுனத் தடை என்பதால் "தூரமா?" என்பார்கள். "இதோ, இங்கதான்" என்போம். ஒரு கையில் சூட்கேஸ், மறு கையில் புளியோதரைத் தூக்கு, வாசலில் ஆட்டோ உறுமிக்கொண்டிருக்கும். ஆனாலும் இங்கதான். கேட்கிறவரும் சொல்கிறவரும் சேர்ந்து, ஒரு தகவலும் கைமாறிவிடாதபடி இவ்வளவு நாசூக்காகப் பார்த்துக்கொள்கிற ஊரில் வளர்ந்தவன் நான். என்னை ஓர் அறையில் உட்காரவைத்து, ரெக்கார்டரை ஓடவிட்டு, "உங்களுக்கு வானத்தைப் பார்க்கப் பிடிக்குமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் என்ன ஆவேன்?

கனடா போகும் ஆசை எனக்கு இருந்ததில்லை. என் மனைவிக்கு இருந்தது. அவள் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள், வயதிலும் என்னைவிட ஒன்பது வருஷம் சின்னவள் என்பதால் விண்ணப்பத்தில் அவள்தான் முதல் ஆள். நான் கூட வரும் கணவன். லக்கேஜுக்கு அடுத்த இடம். அங்கே குடியேற எல்லாவற்றுக்கும் புள்ளிக் கணக்கு உண்டு. முப்பதுகளில் இருப்பவருக்கு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் 5 புள்ளி கழித்துவிடுவார்கள். கேக் வெட்டும்போதே அதுவும் வெட்டப்பட்டுவிடும். ஆனால் கூட வரும் கணவனின் ஆங்கிலத்துக்கு 20 புள்ளி வரை உண்டு. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று தலைக்கு 5. அதற்கென்று இருக்கும் ஆங்கிலத் தேர்வில், பேச்சில் 9-க்கு 7 எடுத்தால் அந்த 5 முழுசாகக் கிடைக்கும். 6 எடுத்தால் 3.

நான் கணக்கு எழுதுகிறவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருபது வருஷமாக வரவு செலவு பார்க்கிறேன். சட்டென்று போட்டுப் பார்த்தேன். நான் ஒரு கால் மணி நேரம் ஒழுங்காக இங்கிலீஷ் பேசினால் என் மனைவிக்கு ஒரு வயது குறையும். டிவியில் விளம்பரம் வருகிற எந்த க்ரீமும் இவ்வளவு உத்தரவாதம் தந்ததில்லை.

என்னிடம் இங்கிலீஷ் இல்லாமலில்லை. ஆனால் அது கடித இங்கிலீஷ். "வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்" என்று ஆரம்பித்துக் கொடுத்தால் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி" வரைக்கும் வண்டி தானாகப் போய்ச் சேரும். நடுவில் கேள்வி கேட்டால்தான் நின்றுவிடும். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், மேற்படி விஷயத்தில் நாலு இட்லி சாப்பிட்டேன் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன் என்கிற மாதிரிதான் எனக்கு வரும்.

அதனால் கோச்சிங் சேர்ந்தேன். ஒரு பிரியாணிக் கடைக்கு மேல் மாடி. மத்தியானம் வகுப்பில் உட்கார்ந்தால் மூச்சு விடும்போதெல்லாம் பசிக்கும். வகுப்பில் பதினேழு பேர். பதினாறு பேருக்கு என் வயதில் அப்பா இருந்தார். சொல்லிக்கொடுத்த மிஸ்ஸுக்கு இருபத்து நாலு வயது இருக்கலாம். முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டு, "சார், பேரண்ட்ஸ் எல்லாம் கீழ வெயிட் பண்ணணும்" என்றார்.

ஆனால் அந்தப் பெண் கெட்டிக்காரர். முதல் வகுப்பிலேயே பலகையில் நாலு கட்டம் போட்டார். சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நாலுக்கும் சம மதிப்பு. மொத்தப் பேச்சு 11 நிமிஷத்திலிருந்து 14 நிமிஷம், மூன்று பகுதி. முதல் பகுதியில் வீடு, வேலை, பழக்கவழக்கம். இரண்டாவதில் ஒரு அட்டையைக் கொடுப்பார்கள், ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு இரண்டு நிமிஷம் வரை தனியாகப் பேச வேண்டும். மூன்றாவதில் அதே விஷயத்தை உலக அளவில் அலச வேண்டும்.

பின்வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். "மிஸ், நம்ம சொல்றது உண்மையா இல்லையானு எப்படிப் பார்ப்பாங்க?"

"பார்க்க மாட்டாங்க. உங்க கருத்துக்கும் மார்க் இல்ல, உண்மைக்கும் மார்க் இல்ல. இங்கிலீஷுக்கு மட்டும்தான் மார்க்."

நான் அந்த நாலு கட்டத்தையும் மறுபடி பார்த்தேன். உண்மைக்கு ஐந்தாவது கட்டம் இல்லைதான். இந்தத் தேர்வு தொடங்கியது 1989-ல். நான் அப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் வாத்தியார் ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் நடத்திக்கொண்டிருந்தார். வீட்டுப்பாடம் செய்யாததற்கு வயிற்றுவலி என்று பொய் சொல்லி முட்டி போட்டிருக்கிறேன். அதே வருஷம் உலகத்தின் இன்னொரு மூலையில் பொய்க்கு மார்க் குறைக்காத பரீட்சை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மிஸ்ஸின் மந்திரம் ஒன்று உண்டு. எந்தக் கேள்விக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொல்லக் கூடாது. மூன்று வாக்கியம். ஒன்று பதில், ஒன்று காரணம், ஒன்று உதாரணம். "இதை உங்க ரத்தத்துல ஏத்திக்கணும். வீட்ல, ரோட்ல, எங்க யார் எது கேட்டாலும் மூணு வாக்கியம்."

எனக்குச் சொன்னதைச் செய்கிற சுபாவம். மறுநாள் காலை டீக்கடையில் மாஸ்டர் வழக்கம்போல, "சார், டீயா காபியா?" என்றார்.

"டீ," என்றேன். நிறுத்தியிருக்கலாம். "ஏன்னா, காபி குடிச்சா எனக்கு நெஞ்சு கரிக்கும். உதாரணத்துக்கு, போன செவ்வாக்கிழமை மச்சான் வீட்ல ஒரு காபி குடிச்சுட்டு ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன்."

மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். மாஸ்டர் மெதுவாக, "வீட்ல ஏதாச்சும் பிரச்சனையா சார்?" என்றார்.

அன்றைக்கு டீக்குக் காசு வாங்கவில்லை.

வீட்டில் எனக்கு எக்ஸாமினர் என் மகள். எட்டாம் வகுப்பு. சாப்பாட்டு மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, செல்போனில் டைமரை வைத்து, அவள் பள்ளித் தலைமையாசிரியை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பாள். இவ்வளவு நாள் நான் அவளை எத்தனை தடவை உட்காரவைத்து வாய்ப்பாடு கேட்டிருப்பேன்! வட்டியும் முதலுமாக வசூலித்தாள்.

"உங்கள் ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?"

மிஸ் கொடுத்திருந்த அச்செடுத்த தாளில் இதற்கு மாதிரி விடை இருந்தது. ஒப்பித்தேன். நான் அதிகாலையில் எழுபவன். வீட்டருகே உள்ள பூங்காவில் மெல்லோட்டம் ஓடுவேன். தோட்டக்கலையில் எனக்கு ஈடுபாடு அதிகம். தூங்கும் முன் புத்தகம் வாசிப்பேன், ஏனென்றால் அது என் எல்லைகளை விரிவாக்குகிறது.

மகள் டைமரை நிறுத்தினாள். "அப்பா, நீ எப்போ ஓடின?"

"இது இங்கிலீஷ்ல ஓடுறது."

"தோட்டம்?"

பால்கனியில் ஒரு கற்றாழைச் செடி இருந்தது. அதற்கும் தண்ணீர் ஊற்றுவது என் மனைவி. நான் பல் தேய்க்கும்போது அதைப் பார்ப்பேன், அவ்வளவுதான் எங்கள் உறவு. சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "ஏங்க, அந்தப் புத்தகம் படிக்கிறவரைக் கொஞ்சம் வெங்காயம் உரிக்கச் சொல்லுங்களேன்."

இரண்டு வாரத்தில் எனக்கு அந்த ஆங்கில ஆளைப் பிடித்துவிட்டது. நல்லவன். தமிழில் நான் ஏழு மணிக்கு எழுந்து, ஏழரை வரை எழுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு படுத்திருக்கும்போது, அவன் பூங்காவில் மூன்று சுற்று முடித்திருப்பான். கீரை சாப்பிடுவான். வார இறுதியில் குடும்பத்துடன் அருங்காட்சியகம் போவான். அவனுக்குக் கோபம் வராது. வந்தாலும் இசை கேட்பான். எனக்கே அவனை வீட்டுக்கு அழைத்து என் மனைவிக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்று இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன், அவள் அவனோடு கனடா போய்விடுவாள்.

சுற்றுச்சூழல் என்று வந்தால் அவன் இன்னும் பெரிய மகான். அந்தப் பாடத்துக்கு மிஸ் ஒரு பக்கம் முழுக்க வார்த்தை கொடுத்திருந்தார். குளோபல் வார்மிங், டிஃபாரஸ்டேஷன், சஸ்டெய்னபிள், பயோடைவர்சிட்டி, கார்பன் ஃபுட்பிரிண்ட். கடைசியில் உள்ளதுதான் என்னைப் படுத்தியது. எங்கள் வீட்டுக்குத் தெரிந்த ஒரே ஃபுட்பிரிண்ட், கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து சாமி ரூம் வரை மாக்கோலத்தில் போடுகிற குட்டிக் கிருஷ்ணர் பாதம். கார்பன் ஃபுட்பிரிண்ட் என்று சொல்லும்போதெல்லாம் யாரோ கரிக்காலோடு நடுக்கூடம் வரை நடந்து வந்த மாதிரியும் என் அம்மா விளக்குமாற்றோடு நிற்கிற மாதிரியும் ஒரு காட்சி வந்து வாக்கியத்தை மறித்துவிடும்.

"சுற்றுச்சூழலைக் காக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று மகள் கேட்டாள். மாதிரி விடை தயாராக இருந்தது. நான் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துகிறேன், குப்பையைப் பிரித்துப் போடுகிறேன், மறுசுழற்சியில் நம்பிக்கை உள்ளவன். இதையும் சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். அவள் தலைக்குப் பின்னால் சமையலறைக் கதவு. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பெரிய கேரி பேக் தொங்குகிறது. அதன் வயிற்றில் நாலைந்து வருஷமாகச் சேர்த்த கேரி பேக்குகள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ஆம் தேதி ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது, எல்லாரும் தூக்கி எறிந்தார்கள். என் மனைவி மட்டும், "இனிமே கிடைக்காதுங்க" என்று பத்திரப்படுத்தினாள். அரசு தடை செய்யும், மஞ்சப்பை கொடுக்கும்; கவருக்குள் கவர் வைப்பதை எந்த அரசாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அதற்குப் பக்கத்து ஆணியில் தாம்பூலப் பைகள். கல்யாணத்துக்குப் போனால் தேங்காய், வெற்றிலை பாக்கோடு தருவார்களே, மாப்பிள்ளை பெண் பெயர் அச்சடித்த துணிப்பை. எங்கள் வீட்டில் எந்தப் பைக்கு எந்த வேலை என்று ஒரு ஒழுங்கு உண்டு. பெரியப்பா பேரன் கல்யாணப் பை மளிகைக்கு. ஆபீஸ் நண்பர் மகள் கல்யாணப் பை, அடிப்பக்கம் இரட்டைத் தையல் போட்டது, வெங்காயம் உருளைக்கிழங்குக்கு. அந்தக் கல்யாணம் இரண்டு வருஷத்தில் கோர்ட் வரை போய் முடிந்துவிட்டது. பை மட்டும் இன்றும் ஐந்து கிலோ தாங்குகிறது. பெண் பெயரும் பையன் பெயரும் இதயப் படத்துக்குள் அப்படியே பளிச்சென்று இருக்கின்றன. அந்த நண்பர் வீட்டுக்கு வரும் நாளில் மனைவி அதைத் திருப்பிப் போட்டுவிடுவாள்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு இங்கிலீஷ் இல்லை. செய்யாததைச் சொல்லத்தான் இருந்தது.

தேர்வு நாள் வந்தது. கேட்பது, படிப்பது, எழுதுவது மூன்றும் முன்னாலேயே முடிந்திருந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, என்னை மாதிரியே அவையும் வாய் திறக்காதவை. பேசுவதற்குத் தனி நேரம். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, தண்ணீருக்கு என் எவர்சில்வர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனேன். இருபது வருஷமாக என்னோடு அம்பத்தூர் வந்து போகிற பாட்டில். ஒரு பக்கம் ஒடுங்கி, ரயிலில் சன்னலோரம் சாய்த்து வைக்க வாகாக இருக்கும்.

வாசலில் இருந்த பையன் பாட்டிலை வாங்கிப் பார்த்தான். "சார், ஸ்டீல் அலவ்டு இல்ல. உள்ளே இருக்கிறது தெரியணும். டிரான்ஸ்பரன்ட் பாட்டில்தான்."

"தண்ணிதாம்ப்பா."

"தெரியுது சார். ஆனா தெரியலையே."

இந்தத் தத்துவத்துக்கு என்னிடம் பதில் இல்லை. கீழே இறங்கி எதிர்க் கடையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். அவன் மறுபடியும் கையை நீட்டினான். "லேபிள் எடுக்கணும் சார். அதுல எழுத்து இருக்கு." லேபிளில் இருந்தது மினரல் பட்டியலும் விலையும். அதைப் பார்த்துக் காப்பியடித்து யாராவது ஏழு எடுத்திருப்பார்களோ என்னவோ. நகத்தால் சுரண்டினேன். பாதி வந்தது. மீதி பிசினாக விரலில் ஒட்டிக்கொண்டது. சட்டையில் துடைத்தால் சட்டையில் ஒட்டியது. ஒரு கையில் லேபிள் சுருள், மறு கையில் மொட்டை பாட்டில், உதட்டில் மிஸ் கொடுத்த வாக்கியம்: பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை.

உள்ளே மேஜைக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள். வெளுத்த காட்டன் புடவை, மூக்குக் கண்ணாடி, எங்கள் ஊர்ப்பக்கத்து முகம். வெள்ளைக்காரரை எதிர்பார்த்துப் போன எனக்குப் பாதிப் பயம் போய் வேறு பயம் வந்தது. வெள்ளைக்காரராக இருந்தால் இங்கிலீஷ் தப்பு என்பார். இந்த அம்மாள் முகத்தைப் பார்த்தால் வீட்டில் சொல்லிவிடுவார் போலிருந்தது.

உங்களை எப்படிக் கூப்பிடலாம் என்றார். இது மார்க் இல்லாத கேள்வி என்று மிஸ் சொல்லியிருந்தார். ஆனால் எனக்கு இதுதான் கஷ்டமான கேள்வி. பாஸ்போர்ட்டில் என் பெயரும் அப்பா பெயரும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. நான் தயங்குவதைப் பார்த்து அவரே பாஸ்போர்ட்டில் முதலில் இருந்ததைப் படித்து என்னை "மிஸ்டர்" போட்டு அழைத்தார். அது என் அப்பா. கைநாட்டு வைத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிய மனுஷன். அடுத்த பதினான்கு நிமிஷமும் அவர்தான் இங்கிலீஷ் பேசினார்.

காலையில் என்ன செய்வீர்கள்? ஆங்கில ஆள் எழுந்தான், ஓடினான், கீரை சாப்பிட்டான். அம்மாள் முகத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் பூங்காவில் அன்றைக்குக் காலையிலிருந்து எத்தனை பேர் ஓடி முடித்திருப்பார்களோ. பிறகு அவர் தாளைப் புரட்டி, பைகளைப் பற்றிக் கேட்டார். எந்த மாதிரிப் பைகளைப் பயன்படுத்துகிறீர்கள்?

பைக்கு என்னிடம் மாதிரி விடை இல்லை. மிஸ்ஸின் தாளில் வானம் இருந்தது, கண்ணாடி இருந்தது, சாக்லேட் இருந்தது, பை இல்லை. பதில், காரணம், உதாரணம் என்று ரத்தத்தில் ஏறியது மட்டும் இருந்தது. வாய் தானாகத் திறந்தது. வி யூஸ் மேரேஜ் பேக் என்றேன். பிகாஸ் இட் இஸ் ஃப்ரீ என்றேன். இரண்டு முடிந்தது. உதாரணம் வேண்டுமே. ஃபார் எக்சாம்பிள், மை ஃப்ரெண்ட்ஸ் டாட்டர் மேரேஜ். தி மேரேஜ் இஸ் கேன்சல்டு, பட் தி பேக் இஸ் குட்.

அம்மாள் குனிந்து எதையோ எழுதினார். குனிந்தது எழுதத்தானா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. தோள் லேசாகக் குலுங்கியது.

அட்டை வந்தது. உங்கள் ஊரில் உள்ள ஒரு சுற்றுச்சூழல் பிரச்சினை. அது என்ன, எப்போது வந்தது, உங்களை எப்படிப் பாதித்தது. ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு நிமிஷம். காடழிப்பு என்று எழுதினேன். காட்டை நான் பார்த்ததே இல்லை என்று ஞாபகம் வந்து அடித்தேன். கார்பன் என்று எழுதினேன். அம்மா விளக்குமாற்றோடு வந்தாள். அடித்தேன். நிமிஷம் முடிவதற்குள் எழுதியது ஒரே வார்த்தை: தண்ணி. தமிழில்.

நான் வில்லிவாக்கத்தில் குடியிருப்பவன். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் காய்ந்து கிடந்தன. 2015 டிசம்பரில் அழைக்காமல் ஊருக்குள் வந்த செம்பரம்பாக்கம், நாலு வருஷம் கழித்து நாங்கள் தேடிப் போனபோது வீட்டில் இல்லை. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றி எங்கள் வில்லிவாக்கம் ஸ்டேஷனுக்குத்தான் கொண்டுவந்தார்கள். ரயிலில் வந்த தண்ணீர் அங்கிருந்து குழாயில் கீழ்ப்பாக்கம் போனது. எங்களுக்கு வேடிக்கை மட்டும் மிஞ்சியது. எங்களுக்கு வந்தது லாரி, அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு.

இவ்வளவையும் இலக்கணத்தைப் பற்றி யோசிக்காமல் கொட்டினேன். லாரி வந்த சத்தம் கேட்டால் தெருவே எழுந்துகொள்ளும். எங்கள் மாடியில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்கள், லாரி வரும் என்று ஒருவர் கதவை மற்றவர் தட்டி எழுப்பினார்கள். ஆளுக்கு எத்தனை குடம் என்று கணக்கு. கணக்கு எழுதும் பொறுப்பு எனக்கு. எஸ்டேட்டில் கோடி கோடியாக எழுதிய கை, அங்கே குடம் எழுதியது. குடத்துக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. பாட் என்றேன், வெசல் என்றேன், கடைசியில் குடம் என்றே சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வயிறு வரைந்து, இடுப்பில் வைத்துக் காட்டினேன். அப்போதுதான் பார்த்தேன். அம்மாள் என் கையைப் பார்க்கவில்லை. அவருடைய இடது கை, அவருக்கே தெரியாமல், அவர் இடுப்பருகே போயிருந்தது. இந்த ஊரில்தானே அவரும் அந்தக் கோடையில் இருந்திருப்பார். எத்தனை மணிக்கு வந்ததோ அவர் தெரு லாரி. கேட்கலாம் என்றால் கேள்வி கேட்கும் உரிமை எனக்கு இல்லை. சொல்லலாம் என்றால் பதில் சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. நடுவில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் லாரி வால்வு உடைந்து, அத்தனை தண்ணீரும் தெருவில் ஓடி, மாடி வீட்டுத் தாத்தா வேட்டியோடு அதன் குறுக்கே படுத்து அணை கட்டப் பார்த்தார். கதையின் உச்சமே அதுதான். தாத்தா படுத்தார் என்பதுவரை வந்தேன்.

"தேங்க் யூ," என்றார் அம்மாள். இரண்டு நிமிஷம் முடிந்துவிட்டது. தாத்தா இன்றுவரை அந்த ரெக்கார்டிங்கில் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் பகுதி. சுற்றுச்சூழலைக் காக்கும் பொறுப்பு அரசுக்கா, தனிமனிதருக்கா? இதைத் தமிழில், டீக்கடையில் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசுவேன். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, எங்கள் பிளாட்டிலும் மொட்டை மாடியிலிருந்து நீலக் குழாய் இறங்கி வருகிறது. வந்து, சிமெண்ட் தரைக்கு நாலு விரல் மேலே நின்றுவிடுகிறது. குழாய் போடச் சொன்னது அரசு, போட்டுவிட்டோம். குழி தோண்டுவது யார் என்று இருபது வருஷமாக மீட்டிங் நடக்கிறது. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி பெரிதாக இருந்ததால் ஆங்கில ஆள் மறுபடி முந்திக்கொண்டான். எல்லா நாணயத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று ஒரு வாக்கியம், இது இருபுறமும் கூரான வாள் என்று ஒரு வாக்கியம், இரண்டும் தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. "எவ்ரி ஸ்வோர்டு ஹேஸ் டூ சைட்ஸ்" என்றான். தப்பில்லை, வாளுக்கும் இரண்டு பக்கம் உண்டுதான். ஆனால் அதற்குப் பிறகு காரணமும் வரவில்லை, உதாரணமும் வரவில்லை.

அதே வாரம் முடிவு வந்தது. பேச்சில் ஆறரை. ஆறுக்கும் ஆறரைக்கும் புள்ளி ஒன்றேதான், 3. அடுத்த வாரம் மனைவிக்குப் பிறந்தநாள் வந்தது, 5 போனது. நிகர நட்டம் 2. கேக் நன்றாக இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. "மூணு வந்துச்சே" என்றாள். பிறகு மெதுவாக, "பூங்காவுல ஓடினதுக்கு எவ்வளவு, பைக்கு எவ்வளவுனு தனித்தனியா போட மாட்டாங்களா?" என்று கேட்டாள். போட மாட்டார்கள். இந்த மார்க்குக்கு இரண்டு வருஷம்தான் ஆயுள். அதற்குள் கனடா கூப்பிடாவிட்டால் என் இங்கிலீஷ் தயிர் பாக்கெட் மாதிரி காலாவதி ஆகிவிடும்.

அந்தத் தண்ணீர் பாட்டிலை நான் எறியவில்லை. காசு கொடுத்து வாங்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். பிசின் இருந்த இடத்தில் தூசி ஒட்டி, பழைய லேபிளின் உருவம் அப்படியே திரும்ப வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மகள், நாளைக்குப் பள்ளியில் "பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்" கொடுக்க வேண்டும் என்றாள். வீணான பொருளில் உருப்படியானது செய்ய வேண்டும். எல்லாப் பெற்றோருக்கும் இந்தச் செய்தி ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் தெரியவரும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், ஷட்டர் பாதி இறங்கிய ஸ்டேஷனரி கடையில் கலர் பேப்பர், பசை, ஜிகினா, சமிக்கி என்று 180 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். அவள் பாட்டிலின் தலையை வெட்டினாள். பேப்பர் சுற்றினாள். பிசின் மீதி இருந்த பக்கம் ஜிகினா பசை இல்லாமலே பிடித்துக்கொண்டது. பேனா ஸ்டாண்ட்.

மறுநாள் சாயங்காலம் வந்து மேஜை மேல் வைத்தாள். அடியில் சிவப்பு மையில் பத்துக்கு ஒன்பது என்று இருந்தது. இன்றைய தேதி வரை இந்த வீட்டில் ஒன்பது வாங்கியது அந்த பாட்டில்தான்.